கோட்டைக் கதவு திறக்கிறது, நாம் எங்கே?

 

ஏப்ரல் 18 என்ன நாள்? உலகப் பாரம்பரிய தினம். மே 18? அருங்காட்சியக தினம். ஆகஸ்ட் 22? சென்னை தினம். நவம்பர் 19 முதல் 25 வரை? பாரம்பரிய வாரம். இந்த நாட்களையொட்டிச் சென்னையின் வரலாற்றைச் சொல்லும் இடங்களில் சிறப்புக் கண்காட்சி, சொற்பொழிவு, மாணவர் போட்டி என்று ஏதேனும் நடப்பது வழக்கம். ஏப்ரல் 18 அன்று தொல்லியல் துறை தன் வசமுள்ள இடங்களைக் கட்டணம் வாங்காமல் திறந்து விடுவதும் உண்டு.

இவற்றில் ஒன்றுக்காவது நீங்கள் போனதுண்டா? பிள்ளைகளை அழைத்துச் சென்றதுண்டா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்!

மண்ணடியில் கடை வைத்திருப்பவர், புனித ஜார்ஜ் கோட்டைக்கு நடந்தே போய் விடலாம். ஆனால் போவதில்லை. மேடை கிடைத்தால் மட்டும், "வரலாற்றில் நம்மை மறைத்து விட்டார்கள்" என்று முழங்குகிறோம். மறைத்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் மறைக்காமல் கண்ணெதிரே வைத்திருப்பதை நாம் போய்ப் பார்த்தோமா?

வியாபாரிகள் கூடிய மண்டபம்

கோட்டை அருங்காட்சியகம் இயங்கும் கட்டிடம் 1795ல் கட்டி முடிக்கப்பட்டது. அன்று அது வியாபாரிகள் கூடும் எக்ஸ்சேஞ்ச். வங்கி அலுவலகமும் அங்கே இயங்கியது. மாடி மண்டபத்தில் பொதுக்கூட்டம் நடந்தது. லாட்டரிக் குலுக்கலும் நடந்தது. 1948ல்தான் அது அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வியாபாரிகளுக்காகவே எழுப்பிய கட்டிடத்துக்குள் இன்றைய வியாபாரி நுழையத் தயங்குவது வேடிக்கை இல்லையா?

உள்ளே கார்ன்வாலிஸ் பிரபுவின் பளிங்குச் சிலை நிற்கிறது. தாமஸ் பேங்க்ஸ் என்ற சிற்பி வடித்தது. முகத்தைப் பார்த்து விட்டுத் திரும்பி விடாதீர்கள். பீடத்தைப் பாருங்கள். திப்பு சுல்தானின் இரண்டு மைந்தர்கள் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது.

1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாதி ராஜ்யம் போனது. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம். அந்தப் பணத்துக்குப் பிணையாக இரண்டு சிறுவர்கள். பெரியவருக்கு ஏறத்தாழ பத்து வயது, சின்னவருக்கு எட்டு. அவர்களைக் கொண்டுவந்து வைத்தது இதே சென்னையில்! 1794ல்தான் தந்தையிடம் திரும்பினார்கள்.

வென்றவன் தன் பெருமையைக் கல்லில் எழுதி விட்டான். அந்தக் குழந்தைகளின் கதையைக் கல்லின் முன்னால் நின்று சொல்ல வேண்டியவர் யார்?

கசப்பையும் சேர்த்துச் சொல்வோம்

அந்தப் போரில் கம்பெனிக்குத் தோள் கொடுத்தவர்கள் மராட்டியரும், ஹைதராபாத் நிஜாமும். ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவும் கம்பெனியின் தோழர்தான். ஹைதர் அலிக்குப் பகைவர். 1768ல் சேப்பாக்கத்தில் அரண்மனை எழுப்பிய அதே வாலாஜா, கம்பெனிக்காரர்களிடம் கடன் மேல் கடன் பட்டார். முடிவு என்ன? 1855ல் வாரிசின்றி நவாப் மறைந்தபோது பட்டத்தையே கம்பெனி பறித்துக் கொண்டது. அரண்மனையும் கைமாறி அரசு அலுவலகமானது. அதன் ஒரு பகுதியான கலச மஹால் 2012ல் தீக்கிரையாகிப் பின்னர் புதுப்பிக்கப்பட்டது.

கடன் ஒரு ராஜ்யத்தை எப்படி விழுங்கும் என்று வியாபாரிகளுக்கு இதைவிட நல்ல பாடம் உண்டா? வரலாறு என்பது ஒரு மதத்தார் மறு மதத்தாரை வெட்டிய கதைதான் என்று நஞ்சு விதைப்போருக்கு, இதைவிடத் தெளிவான பதில் உண்டா? நம் மேடைகளிலும் சிலர், கசப்பை ஒளித்துவிட்டுப் பெருமையை மட்டும் பாடுகிறார்கள். அதுவும் மறைப்புத்தான்.

கூட்டம் சேர்த்தது யார் கொடை?

எழும்பூர் அருங்காட்சியகம் 1851ல் தொடங்கியது. முதல் பொறுப்பாளர் மருத்துவர் எட்வர்ட் பால்ஃபோர். திருவல்லிக்கேணியின் முகம்மதியப் பொது நூலகம் உருவாகவும் துணை நின்றவர் அவரே. உயிருள்ள விலங்குகளைக் காட்டினால் கூட்டம் பெருகுகிறது என்று கண்ட அவர், நவாபிடம் கேட்டார். நவாப் தம்மிடமிருந்த விலங்குகளையெல்லாம் தந்தார். சென்னை விலங்குக் காட்சிசாலை அதிலிருந்துதான் வளர்ந்தது. அன்று நாம் கொடுத்ததைப் பார்க்க ஊரே கூடியது. இன்று கொடுக்கவும் இல்லை, கூடவும் இல்லை!

கேட்க வேண்டியதைக் கேட்போம்

அருங்காட்சியகத்தாரிடமும் நமக்குக் கோரிக்கைகள் உண்டு. வெள்ளிக்கிழமையில் கடை சாத்தும் நம் வியாபாரிக்கு ஓய்வு அன்றுதான். அருங்காட்சியகங்களுக்கும் வார விடுமுறை அன்றே. அப்படியானால் சிறப்பு நிகழ்ச்சிகளில் ஒன்றையாவது ஞாயிறு மாலையில் வைக்கட்டும். ஆங்கிலச் சொற்பொழிவுடன் தமிழிலும் உருதுவிலும் ஒன்று நடக்கட்டும். நிகழ்ச்சி அறிவிப்பைப் பெரியமேட்டுத் தோல் மண்டிக்கும், மண்ணடிப் பள்ளிவாசலுக்கும் அனுப்பட்டும். இது சலுகையல்ல, வரி கட்டும் குடிமகனின் உரிமை. மனுவாக எழுதி, கையொப்பம் திரட்டி, நேரில் கொடுங்கள்.

இனி நம் பங்கு. உங்கள் பரணில் பாட்டனாரின் பேரேடு கிடக்கலாம். அரபுத் தமிழில் எழுதிய கடிதம், தோல் ஏற்றுமதி ரசீது, ரங்கூனிலிருந்து கொண்டு வந்த கடைப் பலகை கிடக்கலாம். பழைய பேப்பர்காரருக்கு எடை போட்டு விடாதீர்கள்! படமெடுத்து வையுங்கள். கண்காட்சிக்குக் கடன் கொடுங்கள். எழுத்து மூலமாக ரசீது பெற்றுக்கொண்டு கொடுங்கள்.

இளைஞர்களே! ஒவ்வொரு கிளையிலும் ஐந்து பேர் முன்வாருங்கள். ஒரு மாதம் படியுங்கள். அடுத்த பாரம்பரிய தினத்தில் நம் தெருப் பிள்ளைகளை, எல்லாச் சமயத்துப் பிள்ளைகளையும் சேர்த்து, கோட்டைக்கு அழைத்துச் செல்லுங்கள். கார்ன்வாலிஸின் பீடத்தருகே நிறுத்தி, அந்த இரண்டு சிறுவர்களின் கதையைச் சொல்லுங்கள்.

கோட்டைக் கதவை நமக்கு யாரும் அடைக்கவில்லை. நாம்தான் இன்னும் அந்தப் பக்கம் நடக்கவில்லை.

நடப்போமா?