கதிரை அடுக்க மட்டும் எங்களைக் கூப்பிடாதேங்கோ

“நீங்கள்தான் நாளைய திருச்சபை” என்று ஒவ்வொரு வாலிபர் ஞாயிறும் சொல்கிறார்கள். இன்றைக்கு? இன்றைக்கு நாங்கள் கதிரை அடுக்குகிறோம், மைக் பார்க்கிறோம், ஒளிவிழாவுக்கு மேய்ப்பர் வேஷம் கட்டச் சின்னப் பிள்ளைகளைப் பிடித்து வருகிறோம். கரோல் முடிந்து விடியப்புறம் வீட்டுக்கு வந்து, அப்படியே கம்பஸுக்கு அசைன்மென்டோடு ஓடியவர்களும் எங்களில் இருக்கிறார்கள். அதில் கோபமில்லை. (கரோல் வீடுகளில் தாற கேக்கிலும் கோபமில்லை.)

கோபம் வேறு. சாதி பற்றி வகுப்பில் படித்துவிட்டு வந்து ஐக்கியக் கூட்டத்தில் கேட்டோம்: ஒரே திருவிருந்தில் பங்கெடுக்கிற சனம், கலியாணம் பேசேக்க மட்டும் ஏன் “அவை என்ன ஆக்கள்?” என்று விசாரிக்கினம்? “பிள்ளையள், அரசியலை வெளியில விட்டிட்டு வாங்கோ” என்பதுதான் பதில். அடுத்த கிழமைத் தலைப்பு, வாலிபரும் கைபேசியும்.

எங்களோடு ஓய்வுநாள் பாடசாலையில் படித்த சிலர் இப்போது கோயிலுக்கு வருவதில்லை. கம்பஸ் கெடுத்துப்போட்டுதாம். கேள்வி கேட்டால் முகம் சுழிக்கிற இடத்தில் எத்தனை ஞாயிறு இருப்பது?

1924இல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸைத் தொடங்கிய ஹன்டி பேரின்பநாயகம் ஒரு கிறிஸ்தவர். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அந்த இளைஞர்கள் சாதி வேற்றுமையை எதிர்த்தார்கள், 1927இல் காந்தியை இங்கே அழைத்தார்கள். ‘நாளைய’ என்ற தவணையை அவர்கள் ஏற்கவில்லை.

வருகிற கூட்டத்திலும் அதே கேள்வியைத்தான் கேட்கப் போகிறோம். கதிரையையும் நாங்களே அடுக்குவோம்.