கொப்பியைத் திருத்துவது யார்?

இலவசக் கல்வியைப் பற்றிப் பெருமை பேசாத மேடை எமது நாட்டில் இல்லை. பேசுவதற்கு நியாயமும் உண்டு. சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா கல்வி மந்திரியாக இருந்த காலத்திலே, 1945 இல், பாடசாலைக் கட்டணம் என்னும் மதில் இடிக்கப்பட்டது. 1980 இல் பாடநூல் இலவசமாயிற்று. 1993 இல் சீருடைத் துணியும் கிடைத்தது. வறியவன் பிள்ளையும் படிக்க வேண்டுமென்று வாதாடியவர்கள் பெற்ற வெற்றிகள் இவை. இவற்றைக் குறைத்து மதிப்போர் எமது அணியினர் அல்லர். ஆயினும் அரசு இற்றைவரை எந்தப் பிள்ளைக்கும் உறுதிசெய்து கொடுக்காத ஒன்று உண்டு. பிள்ளை தானாக எழுதிய ஒரு பக்கத்தை, விடயம் அறிந்த ஒருவர் பொறுமையோடு வாசித்து, பிழையைக் காட்டி, காரணத்தைச் சொல்லி, மறுபடியும் எழுதுவிப்பதே அது. அந்தச் சேவை இன்னும் விலைக்கே கிடைக்கிறது. விலை கொடுப்பவர்களிலும் பலருக்கு அதன் போலியே கிடைக்கிறது. கல்வியிலே சமத்துவம் என்னும் பிரச்சினை இன்று இந்த இடத்திலேதான் வந்து முட்டி நிற்கிறது என்பது எமது வாதம்.

ஒரு கணக்கைக் கரும்பலகையிலே நாற்பது பேருக்கும் ஒரே வேளையிற் செய்து காட்டலாம். பூகோளப் படத்தை விரித்து எல்லாருக்கும் ஒருமிக்க விளக்கலாம். எழுத்தை அவ்விதம் கற்பிக்க முடியாது. நாற்பது பிள்ளைகள் எழுதினால் நாற்பது விதமாகத் தடுமாறுவர். ஒருவனுக்கு எழுவாயும் பயனிலையும் பிரிந்து போகும். இன்னொருத்திக்குச் சொல்ல நூறு விடயம் இருந்தும் எதை முதலிற் சொல்வதென்று தெரியாது. ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் தனித்தனியே ஒருவர் முகங்கொடுத்தாக வேண்டும். கல்வியின் பகுதிகளுள் மிகுதியான மனித உழைப்பைக் கேட்பது இதுவே. ஆதலாலேதான், கைவிடப்படும்போது முதலிற் கைவிடப்படுவதும் இதுவே.

இதன் விளைவை அம்பாறைக் கரையோரத்திலே கண்கூடாகக் காணலாம். கல்முனையிலே வைத்தியர் வீட்டுப் பிள்ளையின் கட்டுரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தாயோ தந்தையோ எடுத்துப் பார்க்கிறார். ஆசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு திருத்துநர் இருக்கிறார். மருதமுனையிலே தறியில் அமர்ந்திருப்பவரின் மகளுக்கு, சாய்ந்தமருதுக் கரையிலே வலை இழுப்பவரின் மகனுக்கு, நிந்தவூர் வட்டையிலே போடியாரின் வயலைக் காக்கும் முல்லைக்காரரின் பிள்ளைக்கு யார் இருக்கிறார்? உம்மாவும் வாப்பாவும் அன்பில் ஏழைகள் அல்லர். பிள்ளையின் எழுத்தைத் திருத்தும் கல்வி அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அந்த மறுப்பு இன்று பிள்ளையின் கொப்பியிலே தொடர்கிறது. நிலமும் தோணியும் பரம்பரைச் சொத்தாவது போலவே வசனம் எழுதும் ஆற்றலும் சில வீடுகளின் பரம்பரைச் சொத்தாக இறங்கி வருகிறது.

இந்த வெற்றிடத்திலேதான் பிரத்தியேக வகுப்புகள் முளைத்தன. தகரக் கூரையின் கீழே நூறு பேரும் இருநூறு பேருமாக நெருங்கியிருக்க, ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் குறிப்புச் சொல்கிறார், பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். அங்கே கொப்பி நிரம்புகிறது; திருத்தப்படுவதில்லை. இருநூறு கொப்பிகளைத் திருத்துவது இலாபம் தரும் தொழிலும் அன்று. அங்கே விற்பனையாவது மாதிரிக் கட்டுரை. சிக்கனத்துக்கு ஒன்று, சூழல் பாதுகாப்புக்கு ஒன்று, நூலகத்தின் பயனுக்கு ஒன்று. பிள்ளை அவற்றை மனனஞ் செய்து, பரீட்சை மண்டபத்திலே இறக்கிவிட்டு வருகிறது.

கடற்கரைக் காட்சி என்று ஒரு தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். தந்தையோடு கரைவலைக் கயிற்றைத் தானும் பிடித்து இழுத்த பிள்ளை என்ன எழுதுகிறது? பொன்னிறக் கதிரவன் மேற்குக் கடலிலே மறைவதையும், மக்கள் காற்று வாங்க வருவதையும் எழுதுகிறது. எமது கடல் கிழக்கே இருக்கிறது! இங்கே சூரியன் கடலிலே உதிக்கிறதேயன்றி மறைவதில்லை. தினந்தோறும் கண்ட உண்மையைத் தள்ளிவிட்டு, வேறோர் ஊரின் கடற்கரையை மனனஞ் செய்து எழுதும்படி அந்தப் பிள்ளையைப் பழக்கியவர்கள் யார்? தன் கண்ணை நம்பாதே, தன் சொல்லை நம்பாதே என்று கற்பித்த பிறகு, அப்பிள்ளை நாளை தன் கூலியைப் பற்றியோ தன் உரிமையைப் பற்றியோ எப்படி எழுதும்? எழுதத் தெரியாதவனுக்காக வேறொருவன் மனு எழுதுகிறான். காலப்போக்கில் அவனுக்காகச் சிந்திப்பவனும் வேறொருவன் ஆகிவிடுகிறான்.

பரீட்சை முறையும் இதற்குத் துணைபோகிறது. உயர்தரக் கலைப்பிரிவிலே வரலாறானாலும் பொருளியலானாலும் அரசியல் விஞ்ஞானமானாலும் மாணவன் கட்டுரை வடிவிலே விடையெழுத வேண்டும். ஆக, எழுதும் ஆற்றல் தமிழ்ப் பாடத்துக்கு மட்டும் உரிய அணிகலன் அன்று. பல்கலைக்கழக வாசலின் திறவுகோல் அது. இந்நாட்டின் அனுமதி விதி, பெருமளவு இடங்களை 40 வீதம் அகில இலங்கைத் தகுதிக்கும், 55 வீதம் மாவட்ட சனத்தொகைக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பங்கிடுகிறது. அம்பாறையும் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. இந்த ஏற்பாட்டை நாம் எதிர்க்கவில்லை. ஆனால், மாவட்டத்துக்குள்ளே வைத்தியர் பிள்ளையும் முல்லைக்காரர் பிள்ளையும் ஒரே வரிசையிலே நிற்கிறார்கள். மாவட்டங்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வைத் தராசில் இட்ட விதி, வீடுகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வைக் காண்பதில்லை. 1995 இல் கல்லூரியாகத் தொடங்கி 1996 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் ஒலுவிலிலே, எமது கரையிலேயே நிற்கிறது. அதன் வாசல் அருகே வந்துவிட்டதனால் மட்டும் உள்ளே போகும் வழி எல்லாருக்கும் திறந்துவிடவில்லை.

எமக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களையும் நோக்குவோம்.

எழுத்து இறைவன் கொடுத்த வரம். அதனைக் கற்பிக்க முடியாது என்பர் சிலர். அப்படியாயின், அந்த வரம் ஏன் பெரும்பாலும் கொப்பி வாங்கிக் கொடுக்கவும் திருத்தவும் ஆளிருக்கும் வீடுகளையே தேடிப் போகிறது? எமது கரையின் இலக்கிய வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. ஆசிரியராயிருந்த கவிஞர் நீலாவணன் 1960 களிலே கல்முனை எழுத்தாளர் சங்கத்தை முன்னின்று வளர்த்தார். தமிழரும் முஸ்லிம்களுமாக இளைஞர் அங்கே ஒன்றுகூடினர். எம். ஏ. நுஃமான், மருதூர்க்கொத்தன் முதலியோர் எழுந்த சூழல் அது. கல்முனையிலிருந்து நுஃமான் ‘கவிஞன்’ என்னும் சிற்றேட்டையும் நடத்தினார். ஒருவர் எழுத்தை இன்னொருவர் வாசித்துக் குறை நிறை சொல்லும் சூழல் இருந்தால் ஆற்றல் வளரும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? அங்கே எவரும் மாதக் கட்டணம் வாங்கவில்லை.

வசதியற்ற பாடசாலைப் பிள்ளைக்குப் பிரத்தியேக வகுப்பே கதி, அதை ஏன் குறை கூறுகிறீர் என்பர் வேறு சிலர். பசித்தவனுக்குக் கடன் கொடுப்பவனும் உதவி செய்வதாகவே சொல்லிக்கொள்கிறான். உம்மா வெளிநாட்டு வீடொன்றிலே பாத்திரம் கழுவி அனுப்பும் காசு, இங்கே இலவசமென்று சட்டம் சொல்லும் கல்விக்குச் செலவாகிறது. இலவசக் கல்வி காலையிலும் விலைக் கல்வி மாலையிலும் நடக்கும் நாட்டிலே, மாலையே காலையை ஆளும். காலையிற் சோர்ந்து கிடப்பவர் மாலையிலே சிங்கமாய் முழங்குவதை நாம் எல்லாரும் அறிவோம். தன் வகுப்புப் பிள்ளைக்கே பணத்துக்குக் கற்பிக்கும் ஆசிரியர், தன் காலை வேலை குறைவுபடுவதிலே தனக்கு இலாபம் உண்டாகும் நிலையை ஏற்றுக்கொள்கிறார். இதனை எமது தோழமைக்குள்ளேயே உரத்துச் சொல்லியாக வேண்டும்.

ஆனால், ஆசிரியரின் மனச்சாட்சியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு அதிகாரிகள் தப்பிக்கொள்ள நாம் இடங்கொடுக்கலாகாது. ஒரு சிறு கணக்கைப் போடுவோம். ஐந்து வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர். வகுப்புக்கு 40 பேர். வாரம் ஒரு கட்டுரை என்றால் 200 கட்டுரைகள். ஒன்றுக்கு 10 நிமிடம் கொடுத்தால் 2000 நிமிடம். அதாவது 33 மணித்தியாலமும் 20 நிமிடமும். காலை 7.30 முதல் பகல் 1.30 வரை ஐந்து நாளும் நடக்கும் பாடசாலையின் வாரம் முழுவதுமே 30 மணித்தியாலந்தான்! திருத்தும் வேலை கற்பிக்கும் வேலையையும் விஞ்சி நிற்கிறது. அப்படியிருந்தும் நேரசூசியிலே அதற்கென ஒரு கட்டமில்லை. செய்ய முடியாததைச் செய்யும்படி ஏவிவிட்டு, ஆசிரியர் ‘சரி’ அடையாளம் ஒன்றைப் போட்டுக் கையொப்பம் இட்டால் போதுமென்று கண்ணை மூடிக்கொள்கிறது நிருவாகம்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் எழுந்து எமது ஊர்களை அழித்தபோது பாடசாலைகளும் சிதைந்தன. பின்னர் மாடிக் கட்டடங்கள் எழுந்தன; நல்லது. கட்டடத்திலே பெயர்ப் பலகை பதிக்கலாம், நாடா வெட்டலாம், படம் எடுக்கலாம். திருத்திய கொப்பியின்மேல் எந்த மந்திரியும் பெயர்ப் பலகை பதிக்க முடியாது. ஆகவே அதற்குப் பணமும் ஒதுக்கப்படுவதில்லை.

திருத்துதல் என்பது தண்டித்தல் ஆகிவிடக் கூடாது என்பதையும் சொல்லவேண்டும். எமது பிள்ளைகள் ‘போறன்’, ‘வாறன்’ என்று பேசிப் பழகியவர்கள். அதனை எழுதிவிட்டால், இது தமிழா என்று வகுப்பின் முன்னே எள்ளி நகையாடும் பண்டிதத்தனம் இன்னும் சாகவில்லை. பேச்சு மொழி பிழையன்று. எழுத்து மொழி இன்னொரு மொழிநடை. முன்னையதை இகழாமலே பின்னையதைக் கற்பிக்கலாம். சிவப்பு மையால் வெட்டிச் சிதைத்த கொப்பியைப் பெற்ற பிள்ளை ஒன்றை மட்டுமே கற்கிறது: இனிக் குறைவாக எழுதினால் பிழையும் குறையும் என்பதை.

இத்தாலியின் தொஸ்கானா மலைப்பகுதியிலே பார்பியானா என்றொரு சிற்றூர். லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் அங்கே விவசாயிகளின் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தினார். அரசாங்கப் பாடசாலைகளிலே சித்தியடையாதவர் என்று தள்ளப்பட்ட சிறுவரும் அவர்களுள் இருந்தனர். அம்மாணவர்கள் 1967 இல் ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்ற நூலைக் கூட்டாக எழுதி வெளியிட்டனர். எண்ணத்தைத் துண்டுத் தாள்களிலே எழுதி, இனம் பிரித்து, ஒழுங்குபடுத்தி, மிகையான சொல்லை வெட்டி, புரியாததை எளிதாக்கி, பலரும் சேர்ந்து எழுதிய நூல் அது. யாரைப் பாடசாலை தள்ளிவிடுகிறது, ஏன் தள்ளிவிடுகிறது என்று இலக்கங்களோடு கேட்டார்கள். பணத்துக்குத் தனிப்பாடம் சொல்லும் ஆசிரியரையும் விட்டு வைக்கவில்லை. எழுதத் தெரியாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் எழுதிய நூல் உலக மொழிகள் பலவற்றிலே வாசிக்கப்பட்டது. அவர்களுக்கு வாய்த்தது மந்திரமன்று. தங்களோடு அமர்ந்து எழுத்தைத் திருத்த நேரமுள்ள ஓர் ஆசிரியரும், ஒருவரையொருவர் திருத்தும் பழக்கமுமே.

இவ்விடயத்திலே எமது கரைக்கும் முன்னோடி உண்டு. ஏ. எம். ஏ. அஸீஸ் 1942 இல் கல்முனையிலே உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது இப்பகுதிப் பிள்ளைகளின் கல்விக்கென ஒரு சங்கம் அமைய முன்னின்றார். 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி பிறந்ததும் அவரது முயற்சியாலேயே. அன்றைய தடை பணமாக இருந்தது; அதற்கேற்ப நிதி திரட்டினார்கள். இன்றைய பெருந்தடை திருத்துவார் இன்மை. அதற்கேற்ப உழைப்பைத் திரட்ட வேண்டும்.

என்ன செய்யலாம்? திருத்தும் நேரம் கற்பிக்கும் நேரமாகவே கணக்கிடப்பட்டு நேரசூசியில் இடம்பெற வேண்டும். மொழி வகுப்புகளில் மாணவர் தொகை 30 ஐத் தாண்டலாகாது. 2021 இல் சம்பள முரண்பாட்டுக்கெதிராக மாதக்கணக்கில் இணையவழிக் கற்பித்தலைப் பகிஷ்கரித்த எமது தொழிற்சங்கங்கள், இக்கோரிக்கைகளையும் முன்வரிசைக்குக் கொண்டுவரட்டும். பெற்றோர் அன்று எம்முடன் நிற்பர். வாரத்தில் இரு நாள் பாடசாலை விட்டபின் ஒரு மணிநேரம், கட்டணமின்றி, எழுத்துப் பயிற்சி வட்டங்கள் நடக்கட்டும். ஒலுவிற் பல்கலைக்கழகத் தமிழ் மாணவரும், அட்டாளைச்சேனையிலே ஆசிரியப் பயிற்சி பெறுவோரும் அதற்கு வரலாம். அதுவே அவர்களுக்கும் சிறந்த பயிற்சியாகும். மூத்த மாணவர் இளையவரின் எழுத்தை வாசிக்கட்டும். பரீட்சகர்களும் மனனத்துக்குப் பரிசளிப்பதை நிறுத்தி, பிள்ளை கண்டதையும் செய்ததையும் கேட்கும் தலைப்புகளைத் தரட்டும்.

கைபேசியிடம் கேட்டால் நொடியிலே கட்டுரை வருகிறது, இனி இந்தப் பாடு எதற்கு என்று கேட்பவரும் இப்போது தோன்றியிருக்கிறார்கள். மாதிரிக் கட்டுரை வியாபாரத்தின் கடைசிப் பிள்ளை அது. சிந்திக்கக் கற்றவன் கையில் அது கருவியாகலாம். கல்லாதவனுக்கு அது இன்னும் அழகான மனனப் பாடம். வசதியுள்ள வீட்டார் தம் பிள்ளைக்கு முதலில் எழுதக் கற்பித்துவிட்டே அக்கருவியைக் கொடுப்பர். மற்றவன் பிள்ளைக்குக் கருவி மட்டுமே மிஞ்சும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! அரசு வரும்வரை காத்திருப்பதற்கு இவ்வாண்டுப் பிள்ளைக்கு நேரமில்லை. கோரிக்கை ஒருபுறம் எழும்பட்டும். வேலை மறுபுறம் தொடங்கட்டும். ஒருவருக்குப் பத்துக் கொப்பி என்று எடுத்துக்கொள்வோம். மீனவர் மகன் சூரியனைக் கிழக்குக் கடலிலே உதிக்க வைத்து, வாப்பாவின் கையிலே வலைக்கயிறு அறுத்த தழும்பைத் தன் வசனத்திலே எழுதும் நாள்வரை, இந்நாட்டிலே கல்வி இலவசம் என்று சொல்வது அரை உண்மையே.