எழுத்து எது? சுருங்குறித்தொடர் நிரலகங்களின் குறி அட்டவணையும் தமிழ் எழுத்து வகைப்பாடும்

திண்டுக்கல் சமவெளியின் ஊர்ப்பெயர்களில் ‘பட்டி’ என்னும் பொதுக்கூறு மிகுதியாக வழங்குகிறது. சின்னாளப்பட்டி, செம்பட்டி, கோபால்பட்டி என அப்பெயர்கள் நீளும். இவற்றை மின்தரவகம் ஒன்றிலிருந்து திரட்ட விரும்பும் ஆய்வாளர், ‘பட்டி’ என முடியும் சொற்களைத் தருமாறு கணினியைக் கேட்பார். அதற்குரிய கருவி சுருங்குறித்தொடர். ஆங்கில வழக்கில் ரெகுலர் எக்ஸ்பிரஷன். ‘பட்டி’ என எழுதி அதன்பின் சொல் எல்லைக் குறியை இட்டு, பைத்தான் மொழியோடு இயல்பாக வரும் நிரலகத்தில் தேடினால் கிடைக்கும் விடை விந்தையானது. பட்டியல், பட்டினம் ஆகிய சொற்கள் அகப்படுகின்றன. சின்னாளப்பட்டி அகப்படுவதில்லை. ‘சின்னாளப்பட்டியில்’, ‘சின்னாளப்பட்டிக்கு’ என வேற்றுமையேற்ற வடிவங்கள் அகப்படுகின்றன. எழுவாய் வடிவமே விடுபடுகிறது. அதாவது, கேட்டதற்கு நேர்மாறானதைக் கணினி தருகிறது. பிழைச்செய்தி எதுவும் தோன்றுவதில்லை என்பதால் ஆய்வாளர் அவ்வெண்ணிக்கையை நம்பிவிடவும் கூடும்.

இதன் காரணம் நிரலகத்தினுள் இருக்கும் குறி அட்டவணை. ஒவ்வொரு குறியும் எழுத்தா, எண்ணா, நிறுத்தக்குறியா என்பதை அவ்வட்டவணையே கூறுகிறது. சொல்லெழுத்து ஒன்றும் சொல்லெழுத்து அல்லாத ஒன்றும் சந்திக்கும் இடமே சொல் எல்லை. பைத்தானின் அட்டவணைப்படி ககரம் முதலிய அகரமேறிய மெய்கள் எழுத்துகள். உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்துகள் அல்ல. ஆகவே ‘பட்டி’யின் இறுதி இகரக்குறிக்கும் அதன்பின் வரும் வெற்றிடத்துக்கும் இடையே எல்லை இல்லை, ‘பட்டியல்’ என்பதில் இகரக்குறிக்கும் யகரத்துக்கும் இடையே எல்லை உண்டு. இதே அட்டவணையைக் கொண்டு ‘சின்னாளப்பட்டி’ என்னும் சொல்லைப் பிரித்தால் ச, ன, ன, ளப, பட, ட என ஆறு துண்டுகள் எஞ்சும். இலக்கணப்படி எட்டு எழுத்துகளும் ஒருங்குறிப்படி பதினான்கு குறியிடங்களும் கொண்ட ஒரு சொல், ஆறு பொருளற்ற ‘சொற்கள்’ ஆகிறது. சொல்லடைவும் சொல்நிகழ்வுக் கணக்கும் இத்துண்டுகளின்மேல் எழுப்பப்பட்டால் அவற்றின் மதிப்பு என்ன என்பதை விளக்கவேண்டியதில்லை.

அட்டவணையின் வரலாறு சிறிது நோக்கத்தக்கது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினிப்பிரிவில் பணியாற்றிய பிலிப் ஹேசல் 1997-இல் எழுதத் தொடங்கிய பிசிஆர்இ என்னும் நிரலகம் இன்று பல மொழிகளிலும் செயலிகளிலும் உள்ளுறைந்து இயங்குகிறது. அதில் ஓர் இடமொழிக்கேற்ற அட்டவணையை ஆக்கிக்கொள்ளும் வசதி உண்டு. அவ்வட்டவணை 1088 பைட்டு அளவினது. அதில் 512 பைட்டுகள் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாற்றத்துக்கே உரியவை. எழுத்தில் பெரிது சிறிது என்னும் பாகுபாடே இல்லாத தமிழுக்கு அட்டவணையின் ஏறத்தாழப் பாதி பயனற்றது. எஞ்சிய பாதியும் 256 இடங்களுக்குள் அடங்கும் குறியேற்றத்துக்கே பொருந்தும். திஸ்கி, 1999-இல் தமிழக அரசு ஏற்ற டாப், டாம் ஆகியன எட்டு இருமக் குறியேற்றங்களாக வழங்கிய காலத்தில் இவ்வசதியைத் தமிழுக்குப் பயன்படுத்தியிருக்க இயலும். அன்று தமிழ்க் கணிமையின் கவலை எழுத்துருவையும் விசைப்பலகையையும் சுற்றியே இருந்தது. எழுத்தைத் திரையில் காட்டுவதே பெரும்பாடாக இருந்த காலம் அது.

ஒருங்குறி வந்தபின் வகைப்பாட்டுப் பொறுப்பு ஒருங்குறியின் பண்புத்தரவுக்கு மாறியது. தமிழ் உயிர்க்குறிகள் அதில் ‘சேர்குறி’ என்னும் இனத்தைச் சாரும். அவ்வினம் இடங்கொள்ளும் சேர்குறி, இடங்கொள்ளாச் சேர்குறி என மேலும் பிரிகிறது. இகரக்குறி இடங்கொள்வது, ஈகாரக்குறி இடங்கொள்ளாதது, புள்ளியும் இடங்கொள்ளாதது. குறிலும் நெடிலுமாகிய ஓரின எழுத்துகளை இரு வேறு வகையில் வைத்த இப்பகுப்புக்கு ஒலியியலோ இலக்கணமோ அடிப்படையன்று, வரிவடிவத்தின் தோற்றமே அடிப்படை. தோற்றத்தைக் குறிக்க எழுந்த பகுப்பு என்ற அளவில் அதில் குற்றமில்லை. அதனைச் சொல்லின் இலக்கணமாகக் கொள்ளும்போதே இடர் நேர்கிறது. பிசிஆர்இ-யின் இரண்டாம் வரிசை, 2024-இல் வெளியான 10.43ஆம் பதிப்பில், இடங்கொள்ளாச் சேர்குறிகளை மட்டும் சொல்லெழுத்தாக ஏற்றது. விளைவாக, ஒருங்குறிப் பண்புகளைக் கொள்ளுமாறு பணித்தாலும், அங்கே ‘நீர்’ ஒரு சொல். ‘நிலம்’ இரு துண்டு. சின்னாளப்பட்டி ஆறிலிருந்து மூன்று துண்டாகக் குறைந்தது: ச, ன்ன, ளப்பட்ட. முன்னைய பிழையாவது ஒருசீரானது. இது குறிலுக்கொரு நீதி, நெடிலுக்கொரு நீதி.

எல்லாச் சேர்குறிகளையும் சொல்லெழுத்தாகக் கொள்ளவேண்டும் என்பதே ஒருங்குறிச் சேர்த்தியத்தின் சுருங்குறித்தொடர்ப் பரிந்துரை. பெர்ல் மொழியும் ஐசியு நிரலகமும் அவ்வாறே செய்கின்றன. எனவே ஒரே தரவகம், ஒரே வினா, இரு கருவி, இரு விடை என்னும் நிலை இன்று நிலவுகிறது. ஆய்வேட்டின் ஆய்வு நெறிமுறைப் பகுதியில் பயன்படுத்திய பதிப்பைக் குறிப்பிடுவது எவ்வளவு இன்றியமையாததோ அவ்வளவு இன்றியமையாதது கருவியையும் அதன் பதிப்பெண்ணையும் குறிப்பிடுவது. மூலநூலின் பதிப்பாண்டு விடுபட்டால் திருப்பியனுப்பும் மதிப்பீட்டாளர், எண்ணிக்கை எவ்வாறு பெறப்பட்டது என்று கேளாமல் விடுவதற்கு நியாயம் இல்லை.

எழுத்து வீச்சு என்பது மற்றொரு சிக்கல். எழுத்துகள் அகரம் முதலாக னகரம் ஈறாக முப்பது எனத் தொல்காப்பியம் வரையறுக்கிறது. அம்மரபில் பயின்றவர் பதினெட்டு மெய்யையும் குறிக்க [க-ன] என எழுதுவது இயல்பு. ஒருங்குறி வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்பதால் அவ்வீச்சில் ஒன்பது மெய்களே அடங்கும். உடன் ஜகரமும் நுழையும். பகரம் முதல் வகரம் வரை மற்ற ஒன்பதும் வெளியே நிற்கும். வல்லினம், மெல்லினம், இடையினம் எதனையும் வீச்சாகக் குறிக்க வழியில்லை. வல்லின மிகுதலையோ மெல்லினம் திரிதலையோ தரவகத்தில் ஆராய்பவர் ஒவ்வொரு முறையும் பட்டியலைத் தாமே எழுதவேண்டியுள்ளது.

குறியேற்றமே குற்றம், ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் தரும் டேஸ் 16 முறைக்கு மாறினால் இவையனைத்தும் தீரும் என்னும் வாதம் இங்கு எழும். 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியோடு அதனையும் ஏற்றது. எழுத்தை எண்ணுவதற்கு அம்முறை எளிது என்பது உண்மை. எனினும் அதன் இடங்கள் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் உள்ளவை. தனிப்பயன் குறிகளை எந்தப் பொது நிரலகமும் எழுத்தாகக் கருதுவதில்லை. ஆதலின் அங்கும் தமிழுக்குரிய அட்டவணை ஒன்றை ஆக்கித் தந்தாலன்றிச் சொல் எல்லை அமையாது. குறியேற்றத்தை மாற்றுவதால் அட்டவணை எழுதும் கடமை நீங்கிவிடாது.

அக்கடமை யாருடையது? நிரலாளர் அட்டவணையின் வடிவத்தை அறிவார். உள்ளடக்கம் எழுத்ததிகாரம் சார்ந்தது. ஆய்தம் எழுத்தே என ஒருங்குறி கொண்டது நன்று. தமிழ்ப் பகுதியில் இடம்பெற்றும் தமிழில் வழங்காத அனுசுவாரக் குறியை என் செய்வது, ஷ, ஸ முதலியவற்றைத் தமிழ் மெய்யோடு ஒரே வகுப்பில் வைப்பதா தனி வகுப்பாக்குவதா, ‘க்ஷ’ ஓர் அலகா ஈரலகா என்பன தமிழ்த்துறைகள் முடிவுசெய்ய வேண்டியவை. சார்பெழுத்து மூன்று என்னும் தொல்காப்பியத்துக்கும் பத்து என்னும் நன்னூலுக்கும் இடையிலான வேறுபாட்டை அட்டவணை தீர்க்க முயலக்கூடாது. குற்றியலுகரமும் ஐகாரக்குறுக்கமும் சூழலால் அமைவன. தனிக்குறியின் பண்பாக எழுதத்தக்கவை அல்ல. முப்பது முதலெழுத்தும் ஆய்தமும் இருநூற்றுப்பதினாறு உயிர்மெய்யும், அவற்றின் குறில், நெடில், மூவினப் பகுப்பும் அட்டவணையில் நிற்க, குறுக்கங்களைச் சுருங்குறித்தொடரே விதியாக உரைப்பது பொருந்தும். எழுத்தாகப் பிரிக்கும் பணியை ஓப்பன்-தமிழ் நிரலகம் ஏற்கெனவே செய்து வருகிறது. அதன்மேல் இவ்வகைப்பாட்டைக் கட்டலாம்.

அட்டவணையால் தீராதவையும் உண்டு. ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிட்ட ‘ஒளவை’கள் மின்னூல்களில் மலிந்துள்ளன, தேடுமுன் இவற்றைச் சீர்செய்தாக வேண்டும். ஓலைச்சுவடி, கல்வெட்டுத் தரவுகளில் ௨௰௩ என வரும் எண்ணை இன்றைய அட்டவணைகள் இரண்டு, மூன்று என இரு எண்ணாகவே பிரிக்கின்றன. ஒருங்குறியில் பத்துக்குரிய ௰ பதின்மக் குறியாக வகைப்படுத்தப்படவில்லை. கல்வெட்டின் ஆட்சியாண்டுகளைத் தொகுக்க முனைவோர் இலக்க வகுப்பில் ௰, ௱, ௲ ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொண்டே தேடவேண்டும்.