ஒட்டிய விலையும் விற்ற விலையும்

ஸ்கார்பரோவில் ஒரு ஹாக்கி அட்டைக் கண்காட்சி. கண்ணாடிப் பெட்டிக்குள் 1979-80 ஓ-பீ-சீ வரிசையின் 18ஆம் எண்: எட்மண்டன் ஆயிலர்ஸ் உடையில் வேய்ன் கிரெட்ஸ்கி, அவரது அறிமுக அட்டை. உறையின் மேல் தரநிர்ணய நிறுவனமான பிஎஸ்ஏயின் தரச்சீட்டு: பத்துக்கு 7.

"இதே அட்டை 37.5 லட்சம் டாலருக்குப் போனது, தெரியும்தானே அண்ணை?" என்றார் விற்பவர்.

2021இல் போனது உண்மைதான். ஆனால் அது பிஎஸ்ஏ 10. அப்போது அந்தத் தரம் பெற்றிருந்தவை இரண்டே. அந்த விலையைக் காட்டி பிஎஸ்ஏ 7ஐ விற்பது, கோபுரக் கலசத்தைக் காட்டித் திண்ணைக்கு வாடகை கேட்கிற கதை.

பத்து ஏன் அவ்வளவு அரிது? சுற்றிலும் நீலக்கரை, நகம் பட்டால்கூட வெள்ளை தெரியும். ஓ-பீ-சீ அட்டைகளின் ஓரம் வெட்டும்போதே பிசிறடிக்கும். அது குறையில்லை, எனக்கு மழமழவென்ற ஓரத்தைப் பார்த்தால்தான் சந்தேகம் வரும்.

ஒரே 7ஆம் தரத்திலும் இரண்டு ரகம் உண்டு. படம் நடுவில் நிற்கிறதா, ஒருபக்கம் ஒதுங்கியிருக்கிறதா? ஒதுங்கியதற்கு நான் குறைத்துத்தான் கேட்பேன்.

கைபேசியில் அதே நிறுவனம், அதே தரம், கடந்த மூன்று மாதத்தில் உண்மையிலேயே விற்ற ஐந்தாறு விலைகளைப் பார்த்தேன். எல்லாம் அமெரிக்க டாலர். கனடா டாலருக்கு மாற்றி, உச்சத்தையும் அடிமட்டத்தையும் தள்ளினேன். அவர் கேட்டது மீதி விலைகளைவிடக் கால்பங்கு கூட. என் விலையைச் சொன்னேன், சிரித்தார்.

வெறுங்கையோடு வந்தேன். அடுத்த மாதக் கண்காட்சியிலும் அந்த அட்டை அதே பெட்டியில்தான் இருந்தது.