விசுவாசம் யாருக்கு?

தொழிலாளியை உற்சாகமாய், விசுவாசமாய் வைத்திருப்பது எப்படி என்று அதிகாரிகளுக்கு வகுப்பு எடுக்கிறார்களாம். கீழத்தஞ்சை ஆண்டைகளுக்கும் இதே கவலைதான். விசுவாசம் பேசிய அந்தக் கூட்டம்தான் கூலி உயர்வு கேட்டதற்காக 1968இல் வெண்மணியில் 44 பேரை எரித்தது.

என் அம்மா ஒப்பந்தக் கூலியாய்க் குப்பை அள்ளியவள். ஒருமுறை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்து கேட்டாள்: "இத்த வச்சினு இன்னாடா பண்றது? ரெண்டு கையுறை குடுத்திருந்தா கையாவது கிழியாம இருந்திருக்கும்."

2019இல் கும்பமேளாவில் துப்புரவுத் தொழிலாளர் ஐவரின் கால்களைப் பிரதமர் கழுவினார். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன், தனியாருக்குக் கொடுக்காதே, நிரந்தரமாக்கு என்று உட்கார்ந்தவர்களை 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் இழுத்துப்போனது. மறுநாளே அரசு இலவசக் காலை உணவை அறிவித்தது!

கனவான்களே, சோறு வேணாம்னு சொல்லல. உரிமை கேட்ட வாயைச் சோத்தால அடைக்காதீங்க. இந்த வேலைக்கு மட்டும் ஏன் சேரியிலிருந்தே ஆள் வருது? அதற்குப் பதில் சொல்லுங்கள். நிரந்தர வேலை, முழுச் சம்பளம், மலக்குழிக்கு இயந்திரம், சங்கம் வைக்கும் உரிமை கொடுங்கள். உற்சாகம் தானா வரும்.

விசுவாசம் மட்டும் வராது. அது ஆண்டையோட சொல்லு.