ஃபாக் லேம்ப் மாட்டினா ஏசி வாரண்டி போகுமா?

"வெளிய எதையாச்சும் மாட்டினீங்கன்னா வாரண்டி போயிரும் சார்." புதுக் கார் எடுக்கற அன்னிக்கு சாவி, ஸ்வீட் பாக்ஸ், மாலையோட சேர்த்து ஷோரூம்ல இலவசமா தர்ற வசனம் இது. கேக்காத ஆளே இருக்க முடியாது.

இந்த வசனத்துல பாதி உண்மை, பாதி பூச்சாண்டி. எந்தப் பாதி எதுன்னு தெரியாததால நம்ம மக்கள் ரெண்டு விதமா மாட்டிக்கறாங்க. பயந்த சுபாவக்காரர், வெளிய சல்லிசா கிடைக்கற ஐட்டத்தை ஷோரூம்லயே கூடக் காசு குடுத்து மாட்டிக்கறார். தைரியசாலி எல்லாத்தையும் வெளிய மாட்டிக்கிட்டு, ஒரு நாள் சர்வீஸ் சென்டர்ல "வாரண்டி கிடையாது"ன்னு சொன்னதும் வாய் பேசாம பில்லைக் கட்டிட்டு வந்துடறார்.

என்னோட கட்சி ரொம்ப சிம்பிள். நாம மாட்டின சாமான் எதைக் கெடுத்துச்சோ அதுக்கு மட்டும்தான் வாரண்டி போகணும். அதுதான் கெடுத்துச்சுன்னு காட்ட வேண்டியது மறுக்கறவங்க வேலை, நம்ம வேலை இல்லை.

இதைப் புரிஞ்சுக்க சட்டமெல்லாம் படிக்க வேண்டாம். எங்க முதலிபாளையம் சிட்கோ பக்கம் ஒரு வாரம் சுத்தினா போதும். ஒரு பனியன் பாயரைத் தொடறதுக்குள்ள அந்தத் துணி நிட்டிங், டையிங், காம்பேக்டிங், பிரிண்டிங், தையல்னு பல கை மாறுது. முக்கால்வாசி ஜாப் ஒர்க். சரக்கு ரிஜெக்ட் ஆனா முதல் கேள்வியே "இது யார் வேலையில வந்த குத்தம்?"தான். ஓட்டைன்னா நிட்டிங்காரரைப் பாப்பாங்க. ஷேடு மாறியிருந்தா டையிங். துவைச்சதும் சுருங்கினா காம்பேக்டிங். யார் குத்தமோ அவருக்குத்தான் டெபிட் நோட்டு. "நீங்க பிரிண்டிங்கை வேற இடத்துல குடுத்தீங்க, அதனால நான் போட்ட ஷேடுக்கு நான் பொறுப்பில்லை"ன்னு ஒரு டையிங்காரர் சொன்னா ஊரே சிரிக்கும். ஆனா அதே லாஜிக்கை கார் சர்வீஸ் சென்டர்ல சொன்னா தலையாட்டிட்டு வர்றோம்!

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, இங்க தையல் யூனிட் வெச்சிருக்கார். கார் வாங்கி 14 மாசம். வெளிய ஃபாக் லேம்ப் மாட்டியிருந்தார். ஒரு நாள் ஏசி போட்டா கரகரன்னு சத்தம். கம்ப்ரஸர் பேரிங் போயிருச்சுன்னு சொன்னாங்க. கூடவே ஃபாக் லேம்ப் சுவிட்சும் உருகிப் போயிருந்தது. அட்வைசர் தம்பி பானெட்டைத் திறந்து பாத்துட்டு, "வெளிய ஒயரிங் பண்ணியிருக்கீங்க சார், ரெண்டுக்குமே வாரண்டி வராது"ன்னுட்டார்.

அண்ணன் சத்தமே போடலை. டையிங் மாஸ்டர்கிட்ட பேசற அதே குரல்ல, "ஏனுங் தம்பி, சுவிட்சு என்னோட தப்புங்க, அதுக்கு நான் காசு கட்டிக்கறேன். லேம்ப்பு ஒயரால கம்ப்ரஸர் பேரிங் எப்படிப் போச்சுன்னு மட்டும் ஜாப் கார்டுல எழுதி, சீல் போட்டுக் குடுத்துருங்க, நான் போயிக்கறேன்"னார். தம்பி உள்ள போனார். ஒரு மணி நேரம் கழிச்சு மேனேஜரே வந்து, "குட்வில்ல மாத்தித் தர்றோம் சார்"னு சொன்னார். குட்வில்லாம்! நமக்கு உரிமையா வர வேண்டியதை தானம் மாதிரி குடுக்கறதுக்கு இப்படி ஒரு பேர் :-)

இது அண்ணனோட வாய் சாமர்த்தியம் மட்டும் இல்லைங்க. இதுக்குப் பின்னாடி ஒரு பெரிய வழக்கே இருக்கு. சம்ஷேர் கட்டாரியாங்கறவர் 2011ல இந்தியப் போட்டி ஆணையத்துல (சிசிஐ) ஒரு புகார் குடுத்தார். ஸ்பேர் பார்ட்ஸை வெளிச்சந்தையில விடாம, வெளி மெக்கானிக்குகளை ஒதுக்கி வெச்சு கார் கம்பெனிகள் காசு பாக்கறாங்கன்னு புகார். மூணு கம்பெனி மேல ஆரம்பிச்ச விசாரணை பெருசாகி, 2014 ஆகஸ்ட் 25 அன்னிக்கு மாருதி, டாடா, மஹிந்திரா, டொயோட்டா, ஃபோர்டு, நிசான் உட்பட 14 கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டாங்க.

பேப்பர்ல எல்லாரும் அந்தக் கோடியைத்தான் எழுதினாங்க. நமக்கு முக்கியமானது அதே உத்தரவுல இருக்கற இன்னொரு விஷயம். வெளி மெக்கானிக்கிட்ட போனாரேங்கற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து பண்ணக் கூடாது. வெளிய செஞ்ச தப்பான வேலையால என்ன சேதம் வந்துச்சோ, அந்த அளவுக்கு மட்டும்தான் ரத்து பண்ணலாம். அப்பீலுக்குப் போன டொயோட்டா, ஃபோர்டு, நிசான் விஷயத்துல 2016 டிசம்பர்ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதக் கணக்கைத்தான் குறைச்சுது, செஞ்சது தப்புங்கறதை மாத்தலை.

ஒண்ணு நேர்மையா சொல்லிடணும். அந்த உத்தரவு பேசறது வெளி ரிப்பேரைப் பத்தி. ஃபாக் லேம்ப், ஸ்டீரியோன்னு பேர் சொல்லி எழுதலை. ஆனா நியாயம் ஒண்ணுதான். அமெரிக்காவுல 1975லேயே மேக்னுசன்-மாஸ்னு ஒரு வாரண்டி சட்டம் வந்தது. எங்க கம்பெனி பார்ட்டைத்தான் போடணும், இல்லைன்னா வாரண்டி இல்லைன்னு பொதுவா நிபந்தனை போட அங்க முடியாது. அவ்வளவு நேரடியா ஒரு சட்டம் நமக்கும் வரணும்ங்கறதுதான் என் ஆசை.

அதுக்காக நாம உத்தமர்கள்னு அர்த்தம் இல்லை. சில வேலைகள் நிஜமாவே காரைக் கெடுக்கும். 60/55 வாட் பல்பு இருந்த இடத்துல ரிலே இல்லாம 100/90 வாட் மாட்டினா ஒயரும் ஹோல்டரும் சூடேறி உருகும். ஈசியூவை ரீமேப் பண்ணி டர்போ பிரஷரைக் கூட்டினா டர்போ, கிளட்ச், கியர் பாக்ஸ் மூணுக்கும் கூடுதல் சுமை. நாலு வரி கோட் மாத்தினாலே சர்வர் எங்கெங்கயோ படுக்கறதைப் பாக்கறவன் நான், இதுல கம்பெனிக்காரன் கை விரிச்சா என்னால குத்தம் சொல்ல முடியாது. அளவு மீறின டயர் போட்டா வீல் பேரிங்கும் சஸ்பென்ஷனும் வாங்கும். சீட்டுக்குள்ள சைடு ஏர்பேக் இருக்கற கார்ல கண்ட சீட் கவரை இறுக்கித் தைச்சா ஏர்பேக் விரியறதே சந்தேகம், அது வாரண்டி சமாச்சாரம் இல்லை, உயிர் சமாச்சாரம்.

வாரண்டி வேற, சட்டம் வேறங்கறதையும் மறந்துடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி ஆர்சி புக்கில் இருக்கற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. கம்பெனியோட ஒரிஜினல் அமைப்பையே மாத்தறது ஆகாதுன்னு கேரள வழக்கு ஒண்ணுல சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில சொல்லியிருக்கு. அதே வருஷத் திருத்தத்துல, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ரெண்டும்னு வந்துருச்சு. சிஎன்ஜி கிட் மாட்டினா ஆர்சியில ஏத்தணும், இன்சூரன்ஸ்காரங்களுக்கும் சொல்லிடணும்.

சரி, "வாரண்டி இல்லை"ன்னு சொன்னா என்னதான் பண்றது? முதல்ல வாரண்டி புக்கை வாங்கி, எந்த வரியை வெச்சு மறுக்கறாங்கன்னு கேளுங்க. அடுத்து, எது எதால கெட்டுச்சுங்கற காரணத்தை எழுத்துல கேளுங்க. வாயால வர்ற பல "இல்லை" பேப்பர்ல ஏறாது. வெளிய மாட்டும்போதே ஒயரை வெட்டாம கப்ளர் வெச்சு மாட்டச் சொல்லி, பில்லை வாங்கி வெச்சுக்குங்க. டெலிவரி சலான் இல்லாம நம்ம ஊர்ல ஒரு ரோல் துணியாச்சும் நகருமா? அது மாதிரிதான் இதுவும்.

அதுக்கும் மசியலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு. திருப்பூர்லயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. பொருளுக்கு நாம குடுத்த விலை 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைக்கும்னா மனுவுக்குக் கட்டணம் வெறும் 200 ரூபாய். பிரச்சினை வந்த ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும், அவ்வளவுதான்.

வாரண்டிக்கான காசு கார் விலையிலேயே அடங்கியிருக்கு. அதை நமக்கு யாரும் சும்மா குடுக்கலை. நம்ம தப்புக்கு நாம கட்டுவோம். அவங்க பேரிங் போனதுக்கு நாம ஏங்க கட்டணும்?