வல்லுநர் நாற்காலியில் யார்?

கருப்புத் திரை. வெள்ளை எழுத்தில் ஒரு புள்ளிவிவரம். சோகமான புல்லாங்குழல். ஜன்னலோரம் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்; அவள் திரும்பினால் முகம் மங்கலாக்கப்பட்டிருக்கும். 'இன்றைய இளம்பெண்கள்' என்று தொடங்கும் கனத்த ஆண்குரல். பிறகு புத்தக அலமாரிக்கு முன்னால் ஒரு மனநல மருத்துவர், ஒரு வழக்கறிஞர், ஒரு பேராசிரியர். கடைசியில் 'பெண்மையைப் போற்றுவோம்' என்றொரு வாசகம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவர்கள் பெண்களைப் பற்றி எடுக்கும் ஆவணப்படங்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. எடுப்பவர் பெண்ணாக இருந்தாலும் இப்படித்தான்.

இதைத்தான் ஆவணப்படத்தின் இலக்கணம் என்று வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். இலக்கணம் நடத்துவது என் தொழில் என்பதால் சொல்கிறேன்: இது ஓர் இருக்கை ஏற்பாடு. யார் விளக்குவது, யார் விளக்கப்படுவது என்று கேமராவை எடுப்பதற்கு முன்பே முடிவுசெய்துவிடும் ஏற்பாடு. யார் திண்ணையில் உட்காரலாம், யார் வாசலில் நிற்கவேண்டும் என்று ஊரில் வைத்திருக்கிறோமே, அதன் திரை வடிவம்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் 'நானூக் ஆஃப் தி நார்த்' 1922இல் வந்தது. ஆவணப்பட வரலாறு அங்கிருந்துதான் பெரும்பாலும் நடத்தப்படுகிறது. அதில் நானூக்கின் மனைவியாக வரும் பெண் அவருடைய மனைவி இல்லை. நானூக் என்பதே அவர் பெயரில்லை. துப்பாக்கி பழகியிருந்த மனிதர்களை ஈட்டியோடு வேட்டைக்கு அனுப்பினார் இயக்குநர். தன் மனதில் இருந்த பழங்குடிக்கு ஏற்றபடி மனிதர்களை அடுக்கிவைத்தார். நம் நாட்டில் 1948இல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷன், திரையரங்குகளில் கட்டாயமாகக் காட்டப்பட்ட செய்திப்படங்களின் வழியே அரசின் குரலை ஒவ்வோர் ஊருக்கும் கொண்டுபோனது. அந்தக் குரலுக்கு உடல் கிடையாது, முகவரி கிடையாது. எனவே யாரும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. இன்றைய மாணவர்கள் அந்தப் படங்களைப் பார்த்திருக்க மாட்டார்கள். குரல் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது.

இதை நான் எழுதக் காரணம் 14 நிமிடப் படமொன்று. ஒரு கல்லூரியில் மூன்றாமாண்டு மாணவிகள் நால்வர் தங்கள் விடுதியைப் பற்றி எடுத்தது. பெண்கள் விடுதிக்கு மாலை 6.30க்குப் பூட்டு, ஆண்கள் விடுதிக்கு இரவு 10 மணி. வர்ணனை மொழியை மதிப்பிட என்னையும் அழைத்திருந்தார்கள்.

படம் மரபுப்படியே தொடங்குகிறது. ஆனால் கருப்புத் திரையில் புள்ளிவிவரத்துக்குப் பதில் விடுதி விதிகள் ஒவ்வொன்றாக வருகின்றன. கனத்த குரல் உண்டு. அதைப் பேசியிருப்பவள் ஒரு மாணவி. அணைக்கட்டுத் திறப்புவிழாவை வர்ணிக்கும் அதே பெருமிதத்தோடு பூட்டின் எடையையும் சாவிக்கொத்தின் வரலாற்றையும் வர்ணிக்கிறாள். புத்தக அலமாரிக்கு முன்னால், வல்லுநர் நாற்காலியில், விடுதிச் சமையலறையில் வேலை செய்யும் அக்கா. அடியில் எழுத்து: 'இரவு நேரப் போக்குவரத்து வல்லுநர், 22 ஆண்டு அனுபவம்'. ஒன்பது மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்து, கடைசிப் பேருந்தைப் பிடித்து, இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போகிறவர் அவர். 'ராத்திரி பயம்னா எனக்கும் பயந்தானே கண்ணு? என்னைய யாரும் உள்ள வெச்சுப் பூட்டலையே' என்கிறார். பிறகு டீக்கடை வாசலில் நிற்கும் ஆண்களின் முகங்கள் மங்கலாக்கப்பட்டு வருகின்றன: 'பாதுகாப்புக் கருதி இவர்களின் அடையாளம் மறைக்கப்பட்டுள்ளது.'

அரங்கம் சிரித்தது. மதிப்பீட்டுக் குழு சிரிக்கவில்லை. படிவத்தில் 'துறைசார் வல்லுநர் நேர்காணல்' என்ற வரிக்கு 10 மதிப்பெண், அதில் சுழியம். எதிர்த்தரப்பு இல்லை என்றார்கள். ஆவணப்படமா, காமெடியா என்று கேட்டார்கள். நான் எவ்வளவு வாதாடியும் படிவம் அசையவில்லை. துறை விழாவில் படம் திரையிடப்படவும் இல்லை. நிறுவனத்தின் நற்பெயர் காரணமாம்.

எதிர்த்தரப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். தினமும் 6.30க்குக் கதவைச் சாத்தி அது பேசிக்கொண்டுதானே இருக்கிறது? இன்னும் 14 நிமிடத்திலும் அதற்குப் பங்கு வேண்டுமா? பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகளின் விடுதிகளில் பாகுபாடான விதிகளைத் திணிக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகளே சொல்கின்றன. விதியின் பக்கம் நின்றவர்கள் அந்த நால்வர்தான்.

அடுத்து வல்லுநர். அந்த அக்காவை நாற்காலியில் உட்காரவைத்ததும் ஓர் உண்மை வெளியே வந்தது: இரவு எல்லாப் பெண்ணுக்கும் ஆபத்து என்று யாரும் நினைக்கவில்லை. எந்தப் பெண்ணின் 'மானம்' குடும்பத்துக்கும் சாதிக்கும் சொத்தோ அவளைத்தான் பூட்டுகிறார்கள். கழுவித் துடைக்க வரும் பெண்ணுக்குப் பூட்டும் இல்லை, வண்டியும் இல்லை. எந்தப் பேராசிரியரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார். ட்ரின் டி. மின்ஹா 1989இல் எடுத்த 'சர்நேம் வியட் கிவன் நேம் நாம்' படத்தில் வியட்நாம் பெண்களின் நேர்காணல்களைப் பார்த்துக்கொண்டே வருவோம். அவை அமெரிக்காவில் வாழும் பெண்கள் நடித்துக்காட்டியவை என்பது பிறகுதான் தெரியும். நேர்காணல் என்றாலே உண்மை என்று நம்பும் நம் பழக்கத்தின் மீது விழுந்த அடி அது. மாணவிகள் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் இல்லை. அதே அடியைத் தங்கள் வழியில் அடித்திருக்கிறார்கள்.

'மரபை மீறினால் மதிப்பெண் எப்படிப் போடுவது?' என்று கேட்டவர்களுக்கு என் பாடத்திலிருந்தே பதில் உண்டு. காதல் கைகூடாத ஆண் பனைமடல் குதிரையேறி ஊரறியச் செய்வது மடல். பெண் ஏறுவது மரபில்லை என்கிறது தொல்காப்பியம். திருமங்கையாழ்வார் பெரிய திருமடலில் தலைவியாக நின்று, தெற்கின் அந்த வழக்கத்தைச் சொல்லியே மறுக்கிறார். மரபு தெரிந்ததால்தான் அந்த மீறலுக்கு அர்த்தம். நாம் அதைக் கொண்டாடுகிறோம், பாடமாக வைக்கிறோம். பெண் குரலை அணிந்துகொண்டு ஓர் ஆண் மீறினால் இலக்கியம். பெண்கள் தங்கள் குரலிலேயே மீறினால் பத்துக்குச் சுழியமா?

முகத்தை மங்கலாக்குவதற்கும் இது பொருந்தும். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். குழந்தைகள் என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு இருக்கிறது. அந்தப் பாதுகாப்பில் கைவைக்க வேண்டாம். ஆனால் பேருந்துக் கட்டணம் பற்றிப் பேசும் பெண்ணின் முகத்தையும் எதற்காக மங்கலாக்குகிறீர்கள்? அகப்பாடலில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டக் கூடாது என்றொரு மரபு உண்டு. பெயர் இல்லாததால் அங்கே அந்தப் பெண் சிறுத்துப்போகவில்லை. அவளுக்குப் பேச்சு இருந்தது, கோபம் இருந்தது, தோழி இருந்தாள். நம் படங்களில் பேச்சைப் பிடுங்கிக்கொண்டு முகத்தையும் அழிக்கிறோம்.

மரபை உடைப்பதாகச் சொல்லி கேமராவை ஆட்டுகிறவர்களையும் ட்ரோனைப் பறக்கவிடுகிறவர்களையும் நான் இங்கே சேர்க்கவில்லை. இருக்கைகள் அப்படியே இருக்கும்போது கேமரா ஆடினால் என்ன, ஆடாவிட்டால் என்ன?

மதிப்பெண் படிவம் தயாரிக்கும் நண்பர்களே, பின்னணிக் குரல், வல்லுநர், புள்ளிவிவரம் எல்லாவற்றையும் முழுதாகக் கற்றுக்கொடுங்கள். ஒவ்வொன்றும் யாருக்கு எந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். அந்த 10 மதிப்பெண் அப்படியே இருக்கட்டும். அதைப் பெற மாணவி ஒரு கேள்விக்குப் பதில் எழுதவேண்டும்: இந்த நாற்காலியில் இவரை ஏன் உட்காரவைத்தாய்?